கடைமடையில் தண்ணீர் தந்தவர்களுக்கு

பெருமதிப்பிற்குரிய ஊராருக்கும் உறவினருக்கும் வணக்கம்.

நாகப்பட்டினத்தில் ஒரு திருமண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஐந்து நாட்கள் நடைபெற்ற, உப்பு பூசிய தாளில் அச்சிட்ட என் உப்புப் படங்களின் கண்காட்சி சென்ற ஞாயிற்றுக்கிழமை நிறைவடைந்தது. நிறைவு நாளில் என்னைப் பேச அழைத்தபோது, ஐம்பது ஆண்டுகளாக இருட்டறையில் வாய் திறவாமல் வேலை செய்து பழகியவளுக்குச் சொற்கள் வரவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு "எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வேதாரண்யத்துக்குத் திரும்பும் பேருந்தில் அது உறுத்திக்கொண்டே வந்தது. யாருக்கு, எதற்கு என்று அன்று சொல்லாமல் விட்டதை இந்த மடலில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. தொழிலைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும் ஊர்தானே நம்முடையது.

முதலில் என் தகப்பனார். கோயில் வீதியில் அவர் நடத்திய ஸ்டுடியோவில் 1975-ஆம் ஆண்டு, எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, நெகட்டிவுக்கு டச்சிங் செய்யும் வேலையை என்னிடம் கொடுத்தார். பெண்பிள்ளை கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போவதை அன்று யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். சாய்மேசையின் முன் உட்கார்ந்து பென்சில் பிடிப்பதில் எவருக்கும் ஆட்சேபம் இல்லை. அம்மைத் தழும்பு நெகட்டிவில் சிறிய வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். கூராகச் சீவிய பென்சிலால் அந்தப் புள்ளியை அடைத்தால் பிரிண்டில் முகம் வழவழப்பாகிவிடும். பெண் பார்க்க அனுப்பும் படங்களில் இப்படி எத்தனையோ முகங்களின் தழும்புகளை அடைத்திருக்கிறேன். பிற்பாடு சொந்தமாகப் படம் எடுக்கத் தொடங்கியபோது பென்சிலைத் தொடுவதில்லை என்று முடிவு செய்ததற்கும் அந்த மேசைதான் காரணம். நெகட்டிவை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும், ஈரமான பிலிமின் மீது மூச்சுக்கூடப் படக் கூடாது என்பதெல்லாம் அங்கே அவர் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடங்கள். அடித்து என்பதை நேர்ப்பொருளிலேயே எழுதுகிறேன்.

அவர் பெரும்பாலும் வாங்கியது உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் தயாரான 'இந்து' பிலிமும் பேப்பரும்தான். 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலையை அவர் ஏதோ தம் பங்காளி வீட்டு ஆலையைப் போலப் பெருமையாகப் பேசுவார். அது ஓய்ந்த பின்னர் வெளிநாட்டு பிலிமுக்குக் கையேந்தும் நிலை வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அவர் வாங்கி வைத்த இந்து பேப்பரில் பிரிக்காத ஒரு பெட்டி இன்னும் என் பீரோவில் இருக்கிறது. இத்தனை ஆண்டு வெக்கையில் அது நிச்சயமாக மூட்டம் போட்டுக் கெட்டுப்போயிருக்கும் என்று தெரிந்தும் நான் அதைப் பிரிக்கவில்லை.

பிலிம் வேலை என்றால் வெளிச்ச வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். கேமராவின் ஷட்டர் திறந்து மூடுவது கண்ணிமைக்கும் நேரம். அதன் பிறகு நடப்பது முழுவதும் தண்ணீர் வேலை. அதனால்தான் இந்தத் தொழிலில் 'பிலிம் கழுவுவது' என்று சொல்கிறோம். உருவத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கலக்கத் தண்ணீர், இடையில் அலசத் தண்ணீர், உருவத்தை நிலைநிறுத்திய ஹைப்போவை வெளியேற்ற அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஓடும் தண்ணீர், கடைசியில் கறை படியாமல் முக்கி எடுக்கச் சுத்தத் தண்ணீர். அந்தத் தண்ணீரும் 20 டிகிரிக் குளிர்ச்சியில் இருக்க வேண்டும் என்று எல்லா டப்பாக்களிலும் அச்சிட்டிருக்கிறது. நமக்கோ கடைமடை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எல்லா ஊர் வயலையும் நனைத்த பிறகு மிச்சம் இருந்தால் இங்கே வரும். வாய்க்காலில் வருவது வண்டல் கலங்கல். ஆழ்குழாயில் வருவது உப்பு. சித்திரை வைகாசியில் தொட்டித் தண்ணீரின் சூடு 32 டிகிரிக்குக் குறையாது. 20 டிகிரியில் எட்டு நிமிடம் பிடிக்கும் பிலிம் 30 டிகிரியில் நான்கு நிமிடத்துக்குள் வெந்துவிடும். வேகம் கூடுவதாவது சமாளிக்கக் கூடியது. பிலிமின் மேல் வெள்ளியைத் தாங்கி நிற்கும் ஜெலட்டின் சூட்டில் இளகி, நகம் பட்டால் உரிந்து வந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. மண்பானையில் வைத்தால் குளிரும் என்பார்கள். கடற்கரையின் ஈரக் காற்றில் பானையும் பெரிதாகக் குளிர்வதில்லை.

ஆகவே என் நன்றிக்குரியவர்களில் பெரும்பாலோர் தண்ணீர் சம்பந்தப்பட்டவர்களாகவே இருப்பது தற்செயல் அல்ல.

மீன்பிடித் துறையை ஒட்டிய ஐஸ் கம்பெனியின் முதலாளியும், அவருக்குப் பின் அவருடைய மகனும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எனக்கு ஐஸ் கொடுத்திருக்கிறார்கள். கோடியக்கரையில் மீன்பிடிப் பருவம் களைகட்டியிருக்கும் மாதங்களில் படகுக்காரர்களுக்கே ஐஸ் போதாது; அப்போதும் கால் பார் ஐஸை உமி போட்ட சாக்கில் கட்டி, "ஸ்டுடியோ அக்காவுக்கு" என்று தனியாக ஒதுக்கி வைப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு டிவிஎஸ் 50 வண்டியில் போய் அதை எடுத்து வந்தவர் என் கணவர். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அவர், ஐஸ் வாடை அடிக்கும் சட்டையோடு வகுப்புக்குப் போன நாட்களை இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறார். அன்று சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

பேருந்து நிலையத்துக்கு எதிரே பேட்டரி கடை வைத்திருக்கும் அண்ணன், கார் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை எனக்குக் கொள்முதல் விலைக்கே கொடுத்தார். டெவலப்பரைக் கலக்கவும் கடைசி முழுக்குக்கும் அதுதான். அந்த டெவலப்பரும் கடையில் வாங்கியதன்று. 1927-ஆம் ஆண்டிலிருந்து மாறாமல் வரும் டி-76 என்ற கலவையை நானே நிறுத்துக் கலக்குகிறேன்: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். இரண்டு கிராமைச் சரியாக நிறுக்கத் தராசு இல்லாத காலத்தில், கடையை மூடிய பிறகு தம் பொன் தராசைத் தந்து உதவிய நகைப் பட்டறைக்காரர் காலமாகிவிட்டார். அவருடைய குடும்பத்தார் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

உப்புத் தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹைப்போ ஊறிய பிலிமை உப்பு நீரில் அலசினால் ஹைப்போ விரைவாகவே வெளியேறுகிறது. கடைசியில் நல்ல தண்ணீரில் அலசி அந்த உப்பையும் நீக்கிவிட்டால் போதும். இது பின்னாளில் தெரிந்துகொண்ட செய்தி. தெரியாத காலத்தில், பக்கத்துத் தெருவுப் பெரியம்மா தம் வீட்டு ஓட்டுக் கூரையிலிருந்து ஐப்பசி மழையில் பிடித்து அண்டாக்களில் மூடி வைத்திருந்த நீரை, குடிக்க வைத்ததென்று தெரிந்தும் குடம் குடமாக வாங்கிச் செலவழித்திருக்கிறேன். "படத்துக்குத்தானே, எடுத்துட்டுப் போ" என்பார். அவருடைய படத்தை நான் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. கேட்டபோதெல்லாம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

தொண்ணூறுகளில் கலர் லேப்கள் வந்து, கறுப்பு வெள்ளை வேலை குறைந்து, ஸ்டுடியோ கடனில் ஓடிய கதை எல்லா ஊரிலும் நடந்ததுதான், அதை நீட்டவில்லை. ஒரு பெருநகர லேப்பில் அவசரத்துக்குக் கொடுத்த என் ஆறு ரோல்களைச் சட்டகத்தின் நடுவே வெட்டித் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அன்றிலிருந்து என் பிலிமை நானே கழுவுகிறேன்.

தகப்பனாரின் ஃபுல் பிளேட் மரக் கேமராவை மீண்டும் உயிர்ப்பித்தவர் கும்பகோணத்தில் ஆர்மோனியம் பழுதுபார்க்கும் பெரியவர். அதன் துருத்தி மடிப்புகளில் கரையான் தின்ற ஓட்டைகள் நட்சத்திரம் போல் வெளிச்சம் காட்டின. கேமராக் கடைகள் கைவிரித்த பிறகு, துருத்தி எதுவானாலும் துருத்திதானே என்று அவரிடம் எடுத்துச் சென்றேன். கேமராவை அவர் திறந்து பார்த்தது அதுவே முதல் முறை. காற்றைக் கசியவிடாமல் அடைத்துப் பழகிய கை, வெளிச்சத்தையும் கசியவிடாமல் அடைத்துவிட்டது. கூலியாக அவர் கேட்டது, மறைந்த தம் மனைவியின் பழைய படம் ஒன்றிலிருந்து பெரிய பிரிண்ட்.

அந்தக் கேமராவுக்குப் பிலிம்? அந்த அளவில் வெட்டிய ஷீட் பிலிமை வாங்க எனக்குக் கட்டுப்படியாகாது. எக்ஸ்ரே நிலையம் ஒன்றில் பணிபுரிந்த தம்பி, எட்டுக்குப் பத்து அங்குல எக்ஸ்ரே பிலிம் பெட்டிகளை மொத்த விலைக்கு வாங்கித் தந்து வழிகாட்டினார். எக்ஸ்ரே பிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. ஆகையால் சிவப்பு விளக்கிலேயே அந்தக் கேமராவின் அளவான ஆறரைக்கு எட்டரை அங்குலமாக வெட்டிக்கொள்ளலாம், கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம். ஆனால் இரு பக்கமும் பூச்சு இருப்பதால் தட்டின் அடியில் உராய்ந்தாலே கீறிவிடும். முதல் இருபது பிலிம்களை நான் கீறியே வீணாக்கினேன். தட்டின் அடியில் வழவழப்பான கண்ணாடி ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொன்னதும் அதே தம்பிதான். வெளிச்சம் மிகுந்த இடங்களைச் சுற்றி அந்த பிலிமில் ஒரு மெல்லிய ஒளிவட்டம் படரும். அதைக் குறை என்பார்கள். உச்சி வெயிலில் உப்பளத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு என் நன்றி தனியானது. 1930-இல் இராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பு எடுத்த மண் என்பதால் அங்கே கேமராவோடு வருபவர்களுக்குக் குறைவில்லை. அவர்கள் நினைவுத் தூணைப் படமெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து சென்றேன். வெண்மை சூழ்ந்த இடத்தில் லைட் மீட்டரை நம்பினால் அது உப்பையும் சாம்பல் நிறமாக்கிவிடும். இரண்டு ஸ்டாப் கூடுதலாக, அதாவது நான்கு மடங்கு வெளிச்சம் விழும்படி, திறக்க வேண்டும். அப்படித் திறந்தாலும் வெயிலுக்கு முகத்தைத் துணியால் மூடி நிற்கும் பெண்ணின் கண்கள் மட்டும் நிழலிலேயே நின்றுவிடும். இந்தச் சிக்கலை நான் ஒரு நாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, அவர்களில் மூத்தவர் ஒரு தட்டு உப்பை எனக்கு முன்னால் கொட்டிக் குவித்து, "இதுலேருந்து வெளிச்சம் மேல அடிக்கும், இப்ப பாருங்க" என்றார். அடித்தது. கண்காட்சியில் பலரும் நின்று பார்த்த ஒன்பதாம் எண் படத்தின் வெளிச்சம் அவர் செய்தது.

படங்களை உப்பிலேயே அச்சிடும் எண்ணம் அங்கேதான் பிறந்தது. தாளில் சாதாரண உப்புக் கரைசலைப் பூசி உலர்த்தி, அதன் மேல் வெள்ளி நைட்ரேட் தடவி வெயிலில் வைத்தால் உருவம் தானே கருக்கும் என்பதை டால்பட் என்ற ஆங்கிலேயர் 1830-களிலேயே கண்டிருந்தார். எனக்கு வேண்டியதோ அயோடின் கலக்காத உப்பு. அது எங்கள் ஊரில் பாத்தியிலேயே கிடக்கிறது. நூறு மில்லி நீருக்கு இரண்டு கிராம், அவ்வளவுதான். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் தேவையில்லை, மின்சாரம் தேவையில்லை. நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்துக் கண்ணாடியால் அழுத்தி மொட்டை மாடியில் வைத்தால், வெயிலுக்கு ஏற்பப் பத்து நிமிடமோ அரை மணியோ ஆகும். இந்த வேலைக்கு நெகட்டிவ் கனமாக, கறுப்பு வெள்ளை நன்கு விலகியதாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் நெகட்டிவ் தயாரிக்கும் வழி உண்டு. நல்ல கலைஞர்கள் அப்படிச் செய்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. எனக்குக் கழுவத் தெரிந்தது பிலிம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் உள்ள கல்வெட்டுகளை 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்பவர் சுற்றி வந்து படமெடுத்து, 21 அச்சுகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார் என்று என் கணவரின் நண்பரான தமிழாசிரியர் சொல்லி, அதன் நகலையும் தேடிக் கொண்டுவந்து காட்டினார். இந்த வெக்கையில் வெள்ளியை வைத்துக்கொண்டு வேலை செய்தவர் நமக்கு முன்பே ஒருவர் இருந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

இனி, கஜா.

2018 நவம்பர் 16 அதிகாலையில் புயல் கரையைக் கடந்தபோது எங்கள் ஓட்டுக் கூரையின் பாதி போய்விட்டது. தகப்பனார் காலத்திலிருந்து சேர்த்த ஏறத்தாழ 9,000 நெகட்டிவ்கள் நான்கு டிரங்குப் பெட்டிகளில் இருந்தன. விடிந்து பார்த்தபோது மூன்று பெட்டிகளுக்குள் தண்ணீர். பட்டர் பேப்பர் உறைகள் கூழாகி நெகட்டிவோடு ஒட்டியிருந்தன. வெளியே தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை. மின்சாரம் இல்லை, செல்போன் இல்லை, பல வீடுகளில் அடுப்பே இல்லை. அந்த நிலையில் நெகட்டிவைப் பற்றிப் பேசுவது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆகையால் நான் யாரையும் கூப்பிடவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். அவர்களாகவே வந்தார்கள்.

நனைந்த நெகட்டிவை உலரவிட்டால் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பலகையாகிவிடும். பிரிக்கும் வரையில் நனைந்தபடியே, குளிர்ந்த சுத்தமான நீரில் வைத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் வைத்தாலோ ஜெலட்டின் கரையத் தொடங்கும், பூஞ்சை பிடிக்கும். ஆக, புயலில் நனைந்த பொருளைக் காப்பாற்ற எனக்கு முதலில் வேண்டியிருந்தது இன்னும் தண்ணீர். குளங்களில் தழையும் கடல்நீரும் கலந்து கிடந்தன. ஊரெங்கும் ஜெனரேட்டருக்கு வாடகை ஏறியிருந்த நேரத்தில், வீடு வீடாகத் தொட்டி நிரப்பிக்கொண்டிருந்த பந்தல்காரர் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி, மோட்டாரில் இணைப்புக் கொடுத்து ஆறு டிரம்களை நிரப்பினார். பணம் வாங்கவில்லை. தண்ணீர் கலங்கலாக வந்ததைப் பார்த்த எதிர்வீட்டு சலூன்காரர் கடையில் இருந்த படிகாரக் கட்டிகளை எடுத்து வந்து டிரம்மில் சுழற்றினார். கலங்கல் அடியில் படிந்தது. அவருக்குத் தெரியாத இன்னொன்றும் நடந்தது: படிகாரம் இளகிய ஜெலட்டினை இறுக்கும். அந்தக் காலத்தில் வெப்பநாடுகளுக்கான ஃபிக்சரில், அதாவது ஹைப்போக் கரைசலில், படிகாரம் சேர்த்ததே அதற்காகத்தான். அன்று பதற்றத்தில் எனக்கு நினைவுக்கு வராத ஒன்றை அவர் முகச்சவர வழக்கப்படி செய்துவிட்டார்.

கூரையும் படகும் போன ஆறுகாட்டுத்துறை மீனவர்கள் நால்வர், வலைக் கயிறுகளைக் கொண்டுவந்து, பக்கத்தில் கட்டி முடியாத ஒரு மாடி வீட்டின் தூண்களுக்கிடையே வரிசை வரிசையாகக் கட்டித் தந்தார்கள். தெருப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு வந்து பிரித்தார்கள். விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும் என்று ஒரு தடவைதான் சொன்னேன். பூத்தொடுக்கும் கைகளுக்கு மறுபடி சொல்லத் தேவைப்படவில்லை. இரண்டு பகல், ஒரு இரவு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு பெண் ஈர நெகட்டிவைத் தூக்கிப் பார்த்து, "இது எங்க ஆத்தா கல்யாணம்" என்று அழுதாள். கறுப்பும் வெள்ளையும் தலைகீழாக மாறிக் கிடக்கும் முகத்தில் அவளால் எப்படி ஆளை அடையாளம் காண முடிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எனக்கு அதற்குப் பல ஆண்டுப் பழக்கம் தேவைப்பட்டது.

1,400-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைக் காப்பாற்ற முடியவில்லை. அவற்றுள் என் உப்பள வேலையின் முதல் நான்கு ஆண்டுகள் முழுவதும் அடங்கும். அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். ஆனால் ஏழாயிரத்துக்கு மேல் பிழைத்தன. அதே புயலில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவரின் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர்கள் நனைந்து, பத்தாண்டுக் கல்யாணப் படங்கள் மொத்தமாகப் போயின. அவரும் கயிறு கட்ட வந்திருந்தார். நெகட்டிவ்கள் தொங்கும் வரிசைகளுக்கிடையே நின்று, "எங்களுதைக் கழுவ முடியாதே அக்கா" என்றார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. அடுத்த மாதம் என்னிடம் பிலிம் கழுவக் கற்றுக்கொள்ள வந்தார்; கண்காட்சியின் 42 தாள்களுக்கும் வெள்ளி பூசியவர் அவரே.

கண்காட்சியில் பலர் கேட்டார்கள், சில படங்களின் ஓரத்தில் ஏன் வலைக்கண் போன்ற தடம் இருக்கிறது என்று. அது வலைக்கண் அன்று. ஈரத்தில் ஊதிய ஜெலட்டின் சுருங்கியபோது விழுந்த சுருக்கம். அதை மறைக்க என்னால் முடியும், டச்சிங் எனக்கு மறக்கவில்லை. மறைக்கவில்லை.

மண்டபத்தை ஐந்து நாளும் வாடகையின்றித் தந்தவருக்கும், சட்டமிட்ட தச்சருக்கும், ஊரிலிருந்து வேன் பிடித்து வந்து தங்கள் படங்களுக்கு முன்னால் நின்று சிரித்த உப்பளப் பெண்களுக்கும் என் வணக்கம்.

பிழைத்த நெகட்டிவ்களில் ஏறத்தாழ மூவாயிரம் என் தகப்பனார் எடுத்த ஊர்ப் படங்கள்: கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூடக் குழுப்படம், பெண் பார்க்க எடுத்தவை. அவை உங்களுடையவை. பெட்டிகளைப் பார்த்து அடையாளம் சொல்பவர்களுக்கு உப்புத் தாளில் ஓர் அச்சு இலவசமாகப் போட்டுத் தருவேன். பந்தல்காரரின் பெற்றோர் கல்யாண நெகட்டிவை ஏற்கெனவே தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அவர்தான் இன்னும் வந்து வாங்கிக்கொள்ளவில்லை. பங்குனி, சித்திரை மாதங்களில் காலை பத்து மணிக்குள் வந்தால் அன்றே அச்சாகிவிடும். மேகமூட்டமாக இருந்தால் புறப்பட வேண்டாம். வரும்போது முடிந்தால் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கோயில் வீதி ஸ்டுடியோக்காரர் மகள்
வேதாரண்யம்